சம்பளத்துக்குப் பதிலாக ஒரு கிராமம்

போலந்தின் வடகிழக்கு மூலையில், பெலருஸ் எல்லைக்குக் கிட்ட, க்ருஷினியானி எண்டொரு சின்னக் கிராமம் இருக்கிறது. அங்கே மரங்களுக்கு நடுவில் பச்சை பூசிய ஒரு மரக் கட்டடம். முகப்பில் இரண்டு கோபுரங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் தேவாலயம் எண்டுதான் நினைப்போம். உச்சியில் பிறையைக் கண்ட பிறகுதான் அது பள்ளிவாசல் எண்டு விளங்கும்.

கத்தோலிக்கப் போலந்தின் ஒரு காட்டோரக் கிராமத்துக்கு முஸ்லிம்கள் எப்படி வந்தார்கள்? பதில் ஒரு சம்பளப் பாக்கியில் இருக்கிறது.

தாத்தார்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே லித்துவேனியாவில் குடியேறியவர்கள். குதிரைப்படையில் கெட்டிக்காரர். சண்டைக்குப் போனால் நிலமும் சம்பளமும் கிடைக்கும், தங்கள் மார்க்கத்தையும் பின்பற்றலாம். 17ஆம் நூற்றாண்டில் போலந்து-லித்துவேனிய அரசு போருக்கு மேல் போர் செய்து கஜானாவைக் காலியாக்கியது. சம்பளம் நின்றது, மார்க்க உரிமையிலும் கை வைத்தார்கள். 1672இல் தாத்தார் படைப்பிரிவுகள் பல ஓட்டோமன் பக்கம் மாறின. இதைத் துரோகம் எண்டு ஒரே சொல்லில் முடிக்கலாம். எனக்கு அது வேலைநிறுத்தம் மாதிரித்தான் தெரியுது.

அரசர் மூன்றாம் யான் சொபியெஸ்கிக்கு அவர்கள் திரும்பத் தேவைப்பட்டார்கள். கையில் காசில்லை. அதனால் 1679இல், நிலுவைச் சம்பளத்துக்குப் பதிலாக அரச நிலங்களைப் பிரித்துக் கொடுத்தார். க்ருஷினியானியும் பக்கத்துப் பொஹொனிகியும் அப்படித்தான் தாத்தார் ஊர்களாயின.

இவர்களுடைய துருக்கிய மொழி அதுக்கு முதலே பேச்சிலிருந்து போய்விட்டது. போலிஷ், பெலருஸிய மொழிகளைப் பேசினார்கள், ஆனால் மார்க்க நூல்களில் அதே மொழிகளை அரபு எழுத்தில் எழுதினார்கள். பெயர்களுக்குப் பின்னால் போலிஷ் '-ஸ்கி' வந்து ஒட்டியது. பள்ளிவாசல் தேவாலயம் மாதிரி இருப்பதிலும் அதிசயமில்லை, அந்தப் பக்கத்துத் தச்சர்களுக்குத் தெரிந்த கட்டட முறை அதுதான். மொழி போயும் மார்க்கம் நிண்டது எண்டதுதான் என்னை யோசிக்க வைக்குது. மொழிதான் எல்லாம் எண்டு நம்பி வளர்ந்த ஆக்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான உதாரணம்.

1939இல் ஜேர்மனி படையெடுத்தபோது போலந்து இராணுவத்தில் தாத்தார்களுக்கெண்டே ஒரு குதிரைப்படை அணி இருந்தது. 2012இல் இந்தப் பள்ளிவாசலும் மையவாடியும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. இரண்டு வருடம் கழித்து, 2014இல், யாரோ வந்து அதன் சுவரில் பன்றிப் படம் கீறிவிட்டுப் போனார்கள். கூடவே இன்னொரு அடையாளமும்: நாஜிகளை எதிர்த்த போலந்துப் போராளிகளின் நங்கூரச் சின்னம். கீறினவர்களுக்கு 1939ஐப் பற்றி ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லப் போல.

இப்போது க்ருஷினியானியில் ஒரு சில தாத்தார் குடும்பங்கள்தான் மிச்சம். 2021இல் அதே பெலருஸ் எல்லைக் காடுகளில் சிக்கிய அகதிகள் குளிரிலும் ஆற்றிலும் செத்தார்கள். சிரியாவிலிருந்து வந்த 19 வயதுப் பெடியன் ஒருவன் அவர்களில் ஒருவன். அவனை அடக்கம் செய்ய இடம் கொடுத்தது பொஹொனிகியின் தாத்தார் மையவாடி, சொபியெஸ்கி சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த அந்த ஊரில்.