ஓட்டை நகர்ந்த இசைத்தட்டு

ஆங்கில நாட்டுப்புற ராக் இசை பற்றிக் குறிப்பு எடுக்கத் தொடங்கினால் ஃபேர்போர்ட் கன்வென்ஷன், ஸ்டீலை ஸ்பான் என்று பெரிய குழுக்களின் பெயர்கள்தான் முதலில் வரும. என் குறிப்பேட்டில் அதிகப் பக்கம் பிடித்ததோ அவ்வளவாக யாரும் வாங்காத ஓர் இசைத்தட்டு. லால் வாட்டர்சன், மைக் வாட்டர்சன் என்ற தங்கையும் அண்ணனும் 1972-இல் வெளியிட்ட 'பிரைட் ஃபீபஸ்'. ஃபீபஸ் என்பது கிரேக்கச் சூரியக் கடவுளின் பெயர். தலைப்பில் இருந்த வெளிச்சம் தட்டின் தலையெழுத்தில் இல்லை.

கொஞ்சம் பின்னால் போகலாம். வடகிழக்கு இங்கிலாந்தில் ஹம்பர் முகத்துவாரத்தை ஒட்டிய துறைமுக ஊர் ஹல். அங்கே சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்த மூன்று பிள்ளைகள்: நார்மா, மைக், லால். அவர்களோடு உறவுக்காரர் ஜான் ஹாரிசனும் சேர்ந்ததுதான் 'தி வாட்டர்சன்ஸ்'. பெரும்பாலும் வாத்தியமே கிடையாது, நாலு குரல் மட்டும்தான். 1965-இல் டாபிக் நிறுவனம் வெளியிட்ட 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' தட்டில் ஆண்டின் பருவங்களையும் சடங்குகளையும் ஒட்டிய பழம்பாடல்களைப் பாடினார்கள். ஆங்கில நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியில் அது ஒரு மைல்கல். மெருகு போடாத, தெருவில் நின்று பாடுகிற மாதிரியான குரல்கள். 'சுத்தமான மரபு' என்றால் இவர்கள்தான் என்று ரசிகர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

1968-இல் குழு கலைந்தது. ஊர் ஊராக அலைந்து பாடியதில் வந்த களைப்பு. நார்மா கரீபியன் தீவான மான்செராட்டுக்குப் போய் வானொலி அறிவிப்பாளர் ஆனார். ஹல்லிலேயே தங்கிய தங்கையும் அண்ணனும் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். சேகரித்த பாட்டு இல்லை, சொந்தப் பாட்டு.

அந்தப் பாடல்களின் காதில் விழுந்தவர் கிட்டார் கலைஞர் மார்ட்டின் கார்த்தி. (அதே 1972-இல் நார்மாவை மணந்தவரும் இவர்தான்.) அவர் வழியாக ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தாம்ப்சன், டேவ் மேட்டக்ஸ் போன்ற நாட்டுப்புற ராக் முன்னணிக்காரர்கள் கூடினார்கள். ஒலிப்பதிவு நடந்த இடம் லண்டனில் உள்ள செசில் ஷார்ப் இல்லம். கிராமம் கிராமமாகப் போய்ப் பழம்பாடல்களை எழுதி எடுத்த செசில் ஷார்ப் பெயரில் நிற்கிற கட்டடம், ஆங்கில நாட்டுப்புற இசைச் சங்கத்தின் தலைமையகம். அங்கே உட்கார்ந்து மரபில் இல்லாத பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்!

முதல் பாட்டு 'ரப்பர் பேண்ட்'. கேலியும் சொல்விளையாட்டுமாக, பீட்டில்ஸ் பக்கத்து வீட்டுக்காரர்களோ என்று நினைக்க வைக்கும். 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' மாதிரி ஒன்றை எதிர்பார்த்து வாங்கியவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆனால் அடுத்த பாட்டு 'தி ஸ்கேர்குரோ', சோளக்கொல்லை பொம்மை. மைக் பாடுகிறார், பின்னால் கிட்டார்கள் மட்டும். வயலில் கட்டிப்போட்ட பொம்மையைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிற பாட்டு, விளைச்சலுக்காக உயிர்ப்பலி கொடுத்த காலத்தின் நிழலில் போய் முடிகிறது. யாராவது இதை முந்நூறு வருஷப் பாட்டு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சடங்குப் பாடல்களை வருஷக்கணக்கில் பாடிப் பாடி, அந்த மொழியே இவர்களுக்குத் தாய்மொழி ஆகிவிட்டது. பழசைப் போலிசெய்ய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

தட்டு ஓடவில்லை. மரபுக்காரர்களுக்கு இது மரபு இல்லை, ராக் ரசிகர்களுக்கோ இப்படி ஒன்று வந்ததே தெரியாது. போதாததற்கு அச்சுப்பிழை வேறு. மொத்தம் 2,000 தட்டு அச்சிட்டதில் பாதிக்கு நடு ஓட்டை மையத்தில் இல்லை என்று சொல்லப்படுகிறது.

வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இருந்தவர்களுக்கு இதன் விளைவு புரியும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஓட்டை 1 மில்லிமீட்டர் தள்ளிப் போனது என்று வையுங்கள். மையத்திலிருந்து 10 செ.மீ. தூரத்தில் முள் ஓடும்போது வேகம் ஒரு சதவீதம் கூடும், பிறகு ஒரு சதவீதம் குறையும். அரைச்சுர இடைவெளி சுமார் 6 சதவீதம். அப்படியானால் 1.8 வினாடிக்கு ஒருமுறை சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆடிக்கொண்டே இருக்கும். முள் உள்ளே போகப் போக ஆட்டமும் கூடும். கடைசிப் பாட்டு எது தெரியுமா? தலைப்புப் பாட்டான 'பிரைட் ஃபீபஸ்'தான். நடுக்கமில்லாமல் நேராக நிற்கிற குரலுக்குப் பேர் போனவர்கள் படகில் உட்கார்ந்து பாடுவதுபோலக் கேட்டிருப்பார்கள்.

பிறகு உரிமை வேறு கைக்கு மாறியது. பல்லாண்டுகள் நல்ல பதிப்பு கடையில் எளிதாகக் கிடைக்கவில்லை. அப்புறம் எப்படிப் பிழைத்தது? ஒருவரிடமிருந்து ஒருவர் கேசட்டில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு 1954 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு சர்வதேச நாட்டுப்புற இசைக் கழகம் 'நாட்டுப்புற இசை' என்பதற்கு ஒரு வரையறை கொடுத்தது. மூன்று அம்சங்கள்: தொடர்ச்சி, மாற்றம், சமூகம் செய்யும் தேர்வு. பாட்டை யார் எழுதினார் என்பது தடையே இல்லை. தனி ஒருவர் எழுதியதும்கூட, ஒரு சமூகத்தின் எழுதப்படாத மரபில் கரைந்துவிட்டால் நாட்டுப்புற இசைதான் என்று அந்த வரையறை தெளிவாகவே சொல்கிறது.

கேசட் நகலில் பாட்டு மாறாது, உண்மைதான். தொடர்ச்சிக்கும் தேர்வுக்கும் அது போதும், மாற்றத்துக்குப் போதாது. அதை மற்ற பாடகர்கள் செய்தார்கள். லாலின் 'ஃபைன் ஹார்ஸ்மேன்' பாட்டை இந்தத் தட்டு வருவதற்கு முன்னமே, 1971-இல், ஆன் பிரிக்ஸ் தன் குரலில் பதிவு செய்துவிட்டார். 2002-இல் டாபிக் வெளியிட்ட 'ஷைனிங் பிரைட்' தொகுப்பில் வேறு கலைஞர்கள் இந்தப் பாடல்களைத் தங்கள் பாணியில் பாடினார்கள். மூன்று அம்சமும் வந்துவிட்டதா? மரபில்லை என்று ஒதுக்கப்பட்ட பாடல்கள் மரபு பிழைக்கிற வழியிலேயே பிழைத்தன.

இதில் மனசைப் பிசைகிற கணக்கு ஒன்று உண்டு. லால் 1998-இலும் மைக் 2011-இலும் இறந்தார்கள். மூல நாடாக்களிலிருந்து மெருகேற்றிய பதிப்பை டொமினோ வெளியிட்டது 2017-இல். தங்கள் தட்டு இத்தனை பேர் காதுக்குத் தெளிவாகப் போய்ச் சேர்ந்ததை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. 'ரப்பர் பேண்ட்' பாட்டைத் தாண்டி நேராக 'தி ஸ்கேர்குரோ', 'ஃபைன் ஹார்ஸ்மேன்' இரண்டையும் கேளுங்கள். அண்ணன் குரல் ஒன்று, தங்கை குரல் ஒன்று. பிறகு நார்மா பாடும் 'ரெட் வைன் பிராமிசஸ்', லால் எழுதியது. மூன்று பேரும் வேறு வேறு ஆள்தான், ஆனால் சொல்லை நீட்டுகிற விதம் ஒரே வீட்டுடையது. எது மரபு என்ற சண்டையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.