சுண்ணச் சுவரும் சோதனைக்கூடமும்

கல்வெட்டுகளைப் படித்துணர்ந்த அறிஞர்கள் தமிழக வரலாற்றின் பெரும்பகுதியை மீட்டுத் தந்தனர். ஆயினும், எழுத்தில்லாத சான்றுகளும் உள. காரையும் வண்ணமும் உலோகமும் தம் வரலாற்றைத் தாமே கூறுவதில்லை. அவற்றை ஆராய வேதியியலறிவும் அதற்கெனத் தனியோர் ஆய்வுக்கூடமும் வேண்டும். இவ்வெண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபாக் கலைக்கூடம் இத்துறையில் முன்னோடியாகும். அதன் இயக்குநராக 1909 முதல் 1944 வரை விளங்கிய எட்வர்டு ஃபோர்ப்ஸ், பழைய ஓவியங்களில் மூலப் பூச்சு எது, பிற்காலத்தார் மேற்பூச்சு எது எனப் பிரித்தறிய விழைந்தார். அதற்காகப் பல நாட்டு வண்ணப்பொடிகளைத் திரட்டினார். 1928-இல் பாதுகாப்புக்கும் நுட்ப ஆய்வுக்கும் அங்கே தனித்துறை அமைந்தது. ஜார்ஜ் ஸ்டவுட்டும் வேதியியலர் ரூதர்ஃபோர்டு கெட்டன்ஸும் அதில் இணைந்து பணியாற்றினர். அவ்வாய்வுகளை உலகறியச் செய்யும் பொருட்டு 1932 முதல் 1942 வரை ஓர் இதழும் வெளிவந்தது.

இவ்வாய்வுக்கூடத்தின் வரலாற்றில் வருத்தத்திற்குரிய பகுதியும் உண்டு. 1924-இல் இக்கலைக்கூடத்தின் சார்பில் சீனம் சென்ற லாங்டன் வார்னர், துன்ஹுவாங் குகைகளின் சுவரோவியங்கள் சிலவற்றைப் பசை தோய்ந்த துணி கொண்டு பெயர்த்தெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். அத்துண்டுகளைப் புதிய தளங்களில் பொருத்திக் காப்பாற்றும் கடமை ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது. ஓவியம் பிழைத்தது. ஆனால் குகைச் சுவர் காயமுற்றது. காப்பாற்றுதல் என்ற பெயரால் ஒன்றை அதன் இடத்தினின்று பறிக்கலாமா என்னும் வினா அன்று முதல் இத்துறையை விட்டு நீங்கவில்லை.

அதே வினாவைத் தமிழகம் வேறொரு வகையில் எதிர்கொண்டது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுப்பாதையில், நாயக்கர் காலப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அதனடியே சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். அவ்வோவியங்களின் செய்முறையைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலர் எஸ். பரமசிவன் ஆராய்ந்தார். அவர்தம் ஆய்வுக்கட்டுரை 1937-இல் வெளிவந்தது மேற்குறித்த ஹார்வர்டு இதழிலேயே என்பது குறிப்பிடத்தக்கது.

அவர் கண்ட முடிவு சோழ ஓவியர்தம் கைத்திறனுக்குச் சான்றாகும். சுண்ணக்காரை ஈரமாயிருக்கும்போதே வண்ணம் தீட்டப்பட்டது. ஈரச் சுண்ணம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லின் தன்மையடையும்போது வண்ணத்தையும் தன்னோடு பிணைத்துக் கொள்கிறது. பசையின் துணை அதற்கு வேண்டுவதில்லை. காரை உலருமுன் வரைந்து முடிக்க வேண்டும். தவறினால் திருத்தம் எளிதன்று. அத்தனை பெரிய உருவங்களைத் தயக்கமற்ற கோடுகளால் தீட்டியவர்தம் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எவ்வளவு விரைவாகவும் உறுதியாகவும் உழைத்தார்கள் என்பதை ஒரு சிறு காரைத் துணுக்கு உணர்த்திவிட்டது. இஃது எந்தக் கல்வெட்டும் கூறாத செய்தியன்றோ!

எனினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. சோழரைக் காண வேண்டுமெனில் நாயக்கரை அகற்ற வேண்டும். பழமையே பெருமை எனக் கருதி மேற்பூச்சைச் சுரண்டியெறிந்திருந்தால், பதினேழாம் நூற்றாண்டின் கலை மண்ணாய்ப் போயிருக்கும். இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலர்கள் பின்னாளில் வேறு வழி கண்டனர். நாயக்கர் ஓவியங்களைக் காரைப் படலத்தோடு பதமாகப் பிரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்திக் காத்தனர். அவை கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. துன்ஹுவாங்கில் பெயர்த்தவை கடல் கடந்தன. தஞ்சையில் பெயர்த்தவை தம் கோயிலைப் பிரியவில்லை.

ஒரு பொருளின் வயதையும் செய்முறையையும் கூறுவதோடு ஆய்வுக்கூடத்தின் கடமை முடிவதில்லை. ஒரு காலத்தை மீட்பதற்காக மற்றொரு காலத்தை அழித்துவிடாமல் காப்பதும் அதன் கடமையே. தஞ்சைச் சுவர் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.