தூத்துக்குடிக் கடலுக்கு மின்சாரம் எடுக்கப் போன 'சாகர் சக்தி'

முத்துக்குளிக்க நம் முன்னோர் மூச்சடக்கி இறங்கியது பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழம்தான். அந்த ஆழத்தில் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். தூத்துக்குடிக் கரையை விட்டு 35, 40 கிலோமீட்டர் வெளியே போனால் நிலைமை வேறு. அங்கே மேல்நீர் 28, 29 டிகிரி. ஆயிரம் மீட்டர் கீழே சுமார் 7 டிகிரி. இந்த வித்தியாசத்திலிருந்தே மின்சாரம் எடுக்கலாம் என்று ஒரு காலத்தில் நம் கடலில் பெரிய முயற்சி நடந்தது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் ஜப்பானின் சாகா பல்கலைக்கழகமும் 1997-ல் இதற்காக ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தத் துறையில் சாகா பல்கலைக்கழகத்துக்கு 1970-கள் முதலே அனுபவம் உண்டு. ஒரு மெகாவாட் இயந்திரங்களைத் தாங்கும் மிதவைக் கப்பல் கட்டப்பட்டது. அதன் பெயர்தான் 'சாகர் சக்தி'.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். இங்கே எரிக்க எதுவும் வேண்டாம். அம்மோனியா மிகக் குறைந்த சூட்டில் கொதிப்பது. மேல்நீரின் வெப்பமே அதை ஆவியாக்கி டர்பைனைச் சுற்ற வைக்கும். பிறகு ஆழத்துக் குளிர்நீர் அதை மறுபடி திரவமாக்கும். கேட்க எளிதுதான். ஆனால் 22 டிகிரி வித்தியாசத்தில், ஏட்டுக் கணக்கிலேயே வெப்பத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாறாது. நடைமுறையில் மூன்று சதவீதம் கிடைத்தால் பெரிது. அதிலும் பாதியைத் தண்ணீர் இறைக்கும் பம்புகளே குடித்துவிடும்.

எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது குழாய். ஒரு மீட்டர் விட்டமும் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாயை அலையிலும் நீரோட்டத்திலும் செங்குத்தாக இறக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் இருமுறை முயன்றும் முடியவில்லை. டர்பைன் அந்தக் கடலில் மின்சாரம் தரவேயில்லை.

பணம் கடலில் போயிற்று என்று பேசியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் குழாய் இறக்கக் கற்ற பாடம் வேறிடத்தில் உதவியது. அதே வெப்ப வித்தியாசத்தை வைத்து உப்புநீரைக் குடிநீராக்கலாம். காற்றழுத்தத்தைக் குறைத்தால் மேல்நீர் 28 டிகிரியிலேயே ஆவியாகும். குளிர்நீர் அந்த ஆவியை நன்னீராக்கும். 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் நிலையம் தொடங்கியது. தீவைச் சுற்றிக் கடல் சட்டென்று ஆழமாவதால், கரையிலிருந்தே குழாய் போட்டு 350 மீட்டர் ஆழத்து நீரை எடுக்க முடிந்தது. ஏறக்குறைய முழுவதும் முஸ்லிம்கள் வாழும் அந்தத் தீவுகளில் நல்ல தண்ணீருக்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2011-ல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் இதே வசதி வந்தது. 'சாகர் சக்தி'யும் வீணாகவில்லை. 2007-ல் சென்னைக்கு அப்பால் கடலில் நின்று, நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் நன்னீர் தரும் சோதனையை நடத்தியது.

அடுத்த வரவு நம் ஊர் அனல்மின் நிலையங்களுக்குப் பொருந்தக்கூடியது. நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி வெந்நீராகக் கடலுக்குத் திரும்புகிறது. முத்துச் சிப்பி வாழ்ந்த கடலில் இது சின்ன விஷயமல்ல. 2009-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தில் இப்படி வெளியேறும் வெந்நீரிலிருந்தே குடிநீர் எடுத்துக் காட்டினார்கள். மின்சாரமும் எடுக்கலாம். ஜப்பானின் காஷிமா உருக்காலையில் 1999-லேயே, நூறு டிகிரிக்கும் குறைவான கழிவு வெந்நீரிலிருந்து அம்மோனியா-நீர்க் கலவையைக் கொண்டு மூன்று மெகாவாட்டுக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் அனல்மின் நிலையம் வெளிவிடும் நீர் அந்த அளவு சூடானதல்ல. கடலைவிட எட்டுப் பத்து டிகிரிதான் கூடுதல். அதனால்தான் இங்கே மின்சாரத்தைவிடக் குடிநீர் எளிதாகக் கைகூடுகிறது.

தூத்துக்குடியில் கைகூடாத மின்சாரம் இப்போது கவரத்தியில் மறுபடி முயற்சிக்கப்படுகிறது. அங்கே குடிநீர் நிலையத்தின் பம்புகள் ஓடுவது, கரையிலிருந்து கப்பலில் வரும் டீசலை எரித்து எடுக்கும் மின்சாரத்தில். அதற்கு மாற்றாகக் கடல் வெப்பத்தில் இயங்கும் 65 கிலோவாட் நிலையம் ஒன்றை அதே சென்னைக் கழகம் அங்கே அமைத்து வருகிறது.