தரவு

'தா' என்னும் வினையடியிலிருந்து வந்த சொல் தரவு. வா, வரவு ஆனதுபோல, தா, தரவு ஆயிற்று. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதுவே பெயர். இன்று 'டேட்டா'வுக்கு ஈடாக இச்சொல்லை வழங்குகிறோம். லத்தீனில் 'டேட்டா'வுக்கும் 'கொடுக்கப்பட்டவை' என்றே பொருள்.

தொல்காப்பியம் தரவையும் கொடையையும் பிரித்துக் காட்டுகிறது. பிறரிடம் போவது கொடை. என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்வது தரவு.

தரவு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. இத்தகைய வெள்ளம் வடிந்ததும் முதல் கேள்வி குடிநீர்தான். மாதிரி எடுப்பவர் குழாய் வாயைச் சுடரால் சுட்டு, சில நிமிடம் நீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய புட்டியில் பிடிப்பார். இடம், நாள், நேரம் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ப்பார். தெருக்குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று மாதிரி எடுக்கும் இடத்திலேயே பார்ப்பார். வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு, எந்தக் கிணற்று நீர் குடித்தார்கள் என்றும் கேட்பார்.

புட்டியில் இடம் எழுதாவிட்டால் அது வெறும் தண்ணீர், எழுதினால் தரவு. அதைத் தருபவர்கள் ஊர்மக்கள். ஆகவே ஆய்வின் முடிவு அவர்கள் வாசலுக்கே திரும்பி வர வேண்டும். 'உன்னிடம் வருவது' என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.