செங்கம் நடுகற்களின் சின்னங்கள்

செங்கம் நடுகற்களின் சின்னங்கள் என்பன, தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் சவ்வாது மலையின் தென்புற அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களில் செதுக்கப்பட்டுள்ள உருவங்களையும் குறிகளையும் குறிக்கும். போரிலோ, கால்நடைகளைக் காக்கும் பூசலிலோ, விலங்குகளுடன் பொருதோ இறந்த வீரனின் நினைவாக நாட்டப்படும் கல் நடுகல் எனப்படும். இது வீரக்கல், நினைவுக்கல் என்றும் அழைக்கப்படுகிறது. வீரனின் தோற்றம், படைக்கலம், அவன் இறந்த முறை, இறந்தபின் அவனுக்கு அளிக்கப்பட்ட சிறப்பு ஆகியவற்றை இச்சின்னங்கள் உணர்த்துகின்றன. பல கற்களில் எழுத்துப் பொறிப்பும் உள்ளதால், சின்னங்களின் பொருளைச் சொற்களுடன் ஒப்பிட்டு அறிய இவ்வட்டாரம் சிறந்த வாய்ப்பை அளிக்கிறது.

அமைவிடமும் பின்னணியும்

சவ்வாது மலை (ஜவ்வாது மலை) கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. இம்மலையில் தோன்றும் செய்யாறு செங்கம் வழியாகப் பாய்கிறது. மேற்கே உள்ள மேட்டு நிலத்தையும் கிழக்கே உள்ள திருவண்ணாமலைச் சமவெளியையும் இணைக்கும் கணவாய் வழி செங்கத்தை ஒட்டியே செல்கிறது. இவ்வழி பிற்காலத்திலும் படைகள் கடந்து சென்ற வழியாக இருந்தது. 1767 இல் முதலாம் ஆங்கிலேய மைசூர்ப் போரின் ஒரு சண்டை செங்கத்தில் நடைபெற்றது.

பல்லவர் காலத்தில் இப்பகுதியைப் பல்லவ அரசர்களுக்கு உட்பட்ட வாணர் முதலிய குறுநிலத் தலைவர்கள் ஆண்டனர். கால்நடையே முதன்மையான செல்வமாக இருந்தமையாலும், மலையும் கணவாயும் கவர்ந்து செல்வோருக்கு வசதியாக அமைந்தமையாலும் ஆநிரைப் பூசல்கள் அடிக்கடி நிகழ்ந்தன. நடுகற்கள் இவ்வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இறந்தோருக்குக் கல் எடுக்கும் வழக்கம் இப்பகுதியில் நடுகற்களுக்கும் முற்பட்டது. சவ்வாது மலையில் உள்ள கீழ்செப்பிலி என்னும் ஊரில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் உள்ளன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து இவை அமைக்கப்பட்டுள்ளன. இத்தகைய கற்திட்டைகளைக் குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என மக்கள் கூறும் வழக்கம் தமிழகத்தின் பல மலைப்பகுதிகளில் உண்டு. கல் நிலைத்திருக்க, அதன் முதற்பொருள் மறந்து வேறு கதை தோன்றுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இலக்கியச் சான்றுகள்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகக் கூறுகிறது. தகுந்த கல்லைக் காணுதல், அதனைக் கொள்ளத் தொடங்குதல், நீராட்டுதல், நாட்டுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன இவற்றின் பொருள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் நிகழ்ச்சியைக் கூறும் காதைகளின் பெயர்கள் இம்முறையைத் தழுவியே அமைந்துள்ளன.

செங்கம், சங்க இலக்கியமான மலைபடுகடாம் கூறும் செங்கண்மா எனக் கொள்ளப்படுகிறது. நன்னன் என்னும் தலைவனின் ஊரான செங்கண்மாவுக்குச் செல்லும் வழியைக் கூத்தர்க்கு எடுத்துரைக்கும் இந்நூல், வழியில் வீரர்களின் பெயர் பொறித்து நடப்பட்ட கற்கள் இருப்பதையும் குறிப்பிடுகிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்க்கும் வழக்கத்தைக் கூறுகிறது. தகடூர் இன்றைய தருமபுரியாகும். இது செங்கத்திற்கு மேற்கே உள்ள அண்டை வட்டாரம்.

கண்டுபிடிப்பும் பதிப்பும்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் வட்டாரத்தில் மேற்கொண்ட கள ஆய்வில் கிடைத்த நடுகற்கள், இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972 இல் செங்கம் நடுகற்கள் என்னும் நூலாக வெளியிடப்பட்டன. சிம்மவிஷ்ணு, முதலாம் மகேந்திரவர்மன் முதலிய பல்லவ அரசர்களின் ஆட்சியாண்டுகள் குறிக்கப்பட்ட கற்கள் இவற்றுள் அடங்கும். பல்லவர் ஆட்சிப் பகுதியாக இருந்தபோதிலும் இவற்றின் பொறிப்புகள் பெரும்பாலும் வட்டெழுத்தில் உள்ளன.

பொறிப்புகள் பொதுவாக ஒரே ஒழுங்கில் அமைகின்றன. முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்து வட்டாரத் தலைவனின் பெயரும், பின்னர் வீரனின் பெயரும் அவன் இறந்த நிகழ்ச்சியும் கூறப்படும். "பட்டான் கல்" என்பது வழக்கமான முடிவுச் சொல். பட்டான் என்பதற்கு இறந்தான் என்பது பொருள். "தொறு" என்பது ஆநிரையைக் குறிக்கும் பழஞ்சொல். தொறுக் கொள்ளுதல் நிரை கவர்தலையும், தொறு மீட்டல் அதனைத் திரும்பப் பெறுதலையும் குறிக்கும். இவை முறையே புறப்பொருள் இலக்கணம் கூறும் வெட்சி, கரந்தை ஒழுக்கங்களுக்கு ஒப்பானவை.

முக்கியச் சின்னங்கள்

வில்லும் குறுவாளும்: வீரன் பெரும்பாலும் ஒரு கையில் வில்லையும் மறு கையில் குறுவாளையோ வாளையோ ஏந்தி, ஒரு காலை முன்வைத்துப் பாயும் நிலையில் காட்டப்படுகிறான். இறந்து கிடக்கும் நிலையில் காட்டுவது வழக்கமன்று. ஆகவே கல் நினைவில் நிறுத்துவது அவன் போரிட்ட கணத்தையே ஆகும்.

அம்புகள்: உடலில் தைத்த அம்புகள் வீரன் இறந்த முறையைக் குறிக்கும். அம்புகள் மார்பில் தைத்திருப்பது அவன் புறங்காட்டவில்லை என்பதை உணர்த்தும். விழுப்புண்ணைப் போற்றும் சங்க இலக்கிய மரபுடன் இது பொருந்துகிறது.

ஆநிரை: கல்லின் ஓரத்தில் சிறிய அளவில் மாடுகள் செதுக்கப்பட்டிருப்பின் பூசல் ஆநிரை தொடர்பானது எனக் கொள்ளலாம். எனினும் அவ்வீரன் நிரையைக் கவர்ந்தவனா, மீட்டவனா என்பதை மாட்டின் உருவம் மட்டும் கூறுவதில்லை. அதற்குப் பொறிப்பின் சொற்களே துணையாகும்.

புலி: வீரனை நோக்கிப் பாயும் புலி, அவன் புலியுடன் பொருது இறந்ததைக் காட்டும். இத்தகைய கற்கள் புலிக்குத்திக் கல் எனப்படுகின்றன.

குதிரை: குதிரை மீது அமர்ந்த வீரன் குதிரைப்படையைச் சேர்ந்தவனாகவோ உயர்நிலைத் தலைவனாகவோ இருக்கலாம்.

குடையும் சாமரமும்: இவை அரசச் சிறப்பைக் குறிக்கும் பொருள்கள். எளிய வீரனின் கல்லிலும் இவை இடம்பெறும்போது, இறப்பினால் அவன் பெற்ற உயர்வைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது. சாமரம் ஏந்திய பெண்கள் வானுலக மகளிராகக் கொள்ளப்படுகின்றனர்.

கெண்டியும் சிமிழும்: வீரனின் காலருகே மூக்குள்ள நீர்க்கலமும் (கெண்டி) மூடியுள்ள சிறு பெட்டியும் (சிமிழ்) சில கற்களில் காணப்படுகின்றன.

உயர்த்திய கை: பிற்கால நினைவுக் கற்களில் வளையல் அணிந்து உயர்த்திய பெண்ணின் கை, கணவனுடன் உடன்கட்டை ஏறியதைக் குறிக்கும். இவை சதிக்கல் எனப்படும்.

ஞாயிறும் திங்களும்: பிற்காலக் கற்களின் மேற்பகுதியில் காணப்படும் இவை, வீரனின் புகழ் சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்கும் என்னும் கருத்தை உணர்த்துகின்றன.

எடுத்தனூர் நடுகல்

சின்னத்தையும் சொல்லையும் இணைத்துப் படிப்பதன் இன்றியமையாமைக்கு எடுத்தனூர் நடுகல் சிறந்த சான்றாகும். இது மகேந்திரவர்மனின் 34 ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பொற்றொக்கையார் என்பவரின் இளமகனான கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளுக்காகப் பொருது இறந்ததை இதன் பொறிப்பு கூறுகிறது. இளமகன் என்னும் சொல் இங்குப் படைப்பணி செய்யும் இளைஞனைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

இக்கல்லில் வீரனுடன் ஒரு நாயின் உருவமும் உள்ளது. பொறிப்பு இல்லாதிருந்தால் இதனை வேட்டை நாய் எனவும், வீரனை வேட்டையில் இறந்தவன் எனவும் பொருள் கொண்டிருக்க இயலும். ஆனால் அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியே பொறிக்கப்பட்டுள்ளது. தலைவன் வீழ்ந்த இடத்தில் நாய் செய்த செயலையும் ஊரார் நினைவில் நிறுத்த விரும்பினர் என்பது இதனால் தெரிகிறது. பெயர் பொறிக்கப்படாத வீரர்களின் கற்கள் பல இருக்க, ஒரு நாயின் பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் நிலைத்துள்ளது குறிப்பிடத்தக்கது.

விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் நினைவுக்கல் எடுத்த வழக்கத்திற்கு வேறு சான்றுகளும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கு எடுக்கப்பட்ட நடுகல் கிடைத்துள்ளது.

பொருள் கொள்வதில் உள்ள சிக்கல்கள்

நடுகல் பொறிப்புகள் வீரனின் பெயரையும் நிகழ்ச்சியையும் கூறுமேயன்றி, செதுக்கப்பட்ட பொருள்களை விளக்குவது அரிது. கோவிவன் பற்றிய குறிப்பு அரிய விலக்காகும். ஆகவே பல சின்னங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் அமைகின்றன.

கெண்டியும் சிமிழும் இதற்கு எடுத்துக்காட்டாகும். நடுகல்லுக்குக் கள் படைக்கும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் கூறுவதால், கெண்டி அப்படையலைக் குறிக்கிறது எனலாம். வீரன் வாழ்நாளில் பயன்படுத்திய பொருள்கள் எனவும், குடை, சாமரம் போன்று அவனுக்கு அளிக்கப்பட்ட சிறப்பின் அடையாளங்கள் எனவும் கொள்ள இடமுண்டு. முதல் விளக்கம் ஏற்கப்படின், கள்ளும் மாலையும் பீலியும் அழிந்தபின்னும் அழியாத படையலாகக் கல்லிலேயே கலம் செதுக்கப்பட்டது என்று ஆகும். எனினும் பாடலுக்கும் கல்லுக்கும் இடையே சில நூற்றாண்டுக் கால இடைவெளி இருப்பதால் இதனை உறுதியாகக் கூறுதல் இயலாது.

ஒரு வட்டாரத்தின் சின்னத்திற்கு உரிய பொருளை வேறு வட்டாரத்திற்கு அப்படியே பொருத்துவதும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். கருநாடகத்தின் வீரகல்லுகள் பலவற்றில் கீழே போர்க்களமும், நடுவில் வீரனை வானுலகிற்கு அழைத்துச் செல்லும் மகளிரும், மேலே அவன் இலிங்கத்தை வழிபடும் காட்சியும் தனித்தனி அடுக்குகளாக உள்ளன. அங்குக் கதை வரிசையாகச் சொல்லப்படுகிறது. செங்கத்தின் பழைய கற்களிலோ ஒரே பலகையில் வீரன் மட்டும் பெரிதாக நிற்க, ஏனையவை அவனைச் சுற்றிச் சிறு குறிகளாக அமைகின்றன. குசராத்தின் பாளியா எனப்படும் நினைவுக் கற்களில் ஞாயிறு, திங்கள், உயர்த்திய கை ஆகியன பரவலாகக் காணப்படுகின்றன.

இக்காரணங்களால், முதலில் அதே கல்லின் பொறிப்பையும், அடுத்து அதே வட்டாரத்தையும் காலத்தையும் சேர்ந்த பிற கற்களையும், இறுதியில் இலக்கியத்தையும் துணையாகக் கொண்டு பொருள் காண்பது ஏற்ற முறையாகும்.

வழிபாட்டில் நடுகற்கள்

செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல நடுகற்கள் வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடப்படுகின்றன. வில்லேந்திய உருவம் வேடனாகக் கொள்ளப்பட்டமை இப்பெயருக்குக் காரணமாகலாம். வட்டெழுத்து வழக்கிழந்த பின்னர்ப் பொறிப்பைப் படிப்போர் இல்லாமற் போயினர். வீரனின் பெயரும் ஊரும் மறைந்தன. உருவமும் அதற்குச் செய்யும் படையலும் தொடர்ந்தன. ஆய்வாளர் ஒரு தனிமனிதனின் நினைவாகக் காணும் கல்லை, ஊரார் தம்மைக் காக்கும் தெய்வமாகக் காண்கின்றனர். காத்தல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாக இருப்பது நோக்கத்தக்கது.

பாதுகாப்பு

வழிபாடு பல கற்கள் அகற்றப்படாமல் இருப்பதற்குத் துணை செய்துள்ளது. அதேவேளையில் எண்ணெய்ப் பூச்சும் சுண்ணாம்பும் வண்ணமும் எழுத்துகளை மறைக்கின்றன. வழிபாடற்ற கற்கள் வயல் திருத்தும்போதும் சாலை அமைக்கும்போதும் புதையவோ உடையவோ நேரிடுகிறது. இடம் பெயர்க்கப்பட்ட கல் எந்த ஊரின் நிகழ்ச்சியைக் கூறியது என்பதை அறியும் வாய்ப்புக் குறைகிறது. தருமபுரியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்தில் அப்பகுதி நடுகற்கள் பல பாதுகாக்கப்படுகின்றன. மைப்படி எடுத்தலும், ஒளிப்படத்துடன் இருப்பிடத்தைப் பதிவு செய்தலும் களத்திலுள்ள கற்களைப் பொறுத்தவரை இன்றியமையாதனவாகும்.

இவற்றையும் பார்க்கவும்

நடுகல்
வட்டெழுத்து
சவ்வாது மலை
மலைபடுகடாம்
வேடியப்பன்
கற்திட்டை