கத்திக்கு முந்திய ஊசி

மூலனூர்ச் சந்தையில் என்னைக் கண்டால் இன்னும் நிறுத்திவைத்துக் கேட்கிறார்கள்: “ஏனுங் நர்சம்மா, பேரனுக்கு வீசிங் உடமாட்டேங்குது. வயித்தைக் கிழிச்சப்போ போட்ட ஊசியாலங்களா?” பிரசவத் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஊசிக்கும் ஒரு வரலாறு உண்டு.

என் அம்மா காலத்தில் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தொப்புள்கொடி அறுப்பார். குடும்பத்துப் பெரியவர் சேனை வைப்பார். சிசேரியன் என்பது உயிர் போகிற கட்டத்தில் கேள்விப்படுகிற சொல். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5தான்.

நான் சேர்ந்த காலத்தில், தாய்க்குத் தொற்று வராமல் தடுக்கும் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் குப்பியில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் கரைத்து, சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு தயாராக நிற்பேன். முன்னங்கையில் டெஸ்ட் டோஸ் போட்டு, பேனாவால் வட்டமிட்ட இடம் தடிக்கவில்லை என்று பார்த்தாயிற்று. ஆனாலும் போடக்கூடாது. குழந்தையை எடுத்து, கொடிக்குக் கிளாம்ப் போட்ட பிறகு டாக்டர் “ம்” என்பார். அப்புறம்தான் மருந்து ஏறும். முன்னாலேயே போட்டால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பிறகு அதற்குத் தொற்று வந்தாலும் ரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாது என்ற பயம்.

2010-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பும், 2011-இல் பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பும், 2015-இல் உலக சுகாதார நிறுவனமும் அந்த வரிசையை மாற்றின. தோலில் கத்தி படும் முன்பே ஊசி. தாய்க்குத் தொற்று வருவது அப்போதுதான் நன்றாகக் குறைகிறது.

பேரனைப் பற்றிய கேள்வியை மருத்துவர்களும் கேட்காமல் இல்லை. குடலில் நல்ல கிருமிகள் குடியேறும் நேரத்தில் மருந்து உள்ளே போனால் பின்னால் ஆஸ்துமா, கரப்பான் வருமோ? பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் 2006 முதல் 2018 வரை பிறந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை அலசி, 2022-இல் பி.எம்.ஜே. இதழில் எழுதினார்கள். ஊசியை முன்னால் போடத் தொடங்கியதால், ஐந்து வயது வரை இரண்டுமே கூடவில்லை.

ஆக, அந்த ஒரு ஊசி மேல் பழி இல்லை. எனக்கு உறுத்துவது அதற்குப் பின்னால் வார்டில் நாள்கணக்கில் ஏறுவதுதான். சிக்கலில்லாத சிசேரியனுக்கு ஒரே டோஸ் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கேயோ டிஸ்சார்ஜ் வரை காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் சொந்தக்காரர்கள் “நல்லாப் பார்த்தாங்க” என்பார்கள்.