மங்காத கருமை

நிழற்படக்கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டு 16 ஆண்டுகளே கழிந்திருந்தன. அதற்குள் அக்கலைஞரை ஓர் அச்சம் பற்றிக்கொண்டது. காகிதத்திற் பதித்த படங்கள் பழுப்பேறி, ஓரங்களிலிருந்து உள்நோக்கி மங்கத் தொடங்கின. 1855ஆம் ஆண்டில் லண்டன் நிழற்படச் சங்கம் இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா மகாராணியாரின் கணவரான அல்பேட் இளவரசர் அதன் செலவுக்கென 50 பவுண் வழங்கினார். படத்தை நிலைப்படுத்தும் ‘ஹைப்போ’ என்னும் உப்பு முற்றாகக் கழுவப்படாமல் எஞ்சுவதும், ஈரமும், நகரக் காற்றிற் கலந்த கந்தகமுமே இக்கேட்டிற்குக் காரணங்கள் என அக்குழு கண்டது. படமோ வெள்ளித் துகளாலானது. வீட்டு வெள்ளிப் பாத்திரம் நாட்செல்லக் கறுப்பதைக் கண்டோர்க்கு இம்முடிவு வியப்பளிக்காது.

வெள்ளியை நம்பவியலாதெனின் வேறு எதனை நம்புவது? பிரான்சு நாட்டுப் புவாட்டெவின் அதே 1855ஆம் ஆண்டிலே விடையொன்றைத் தந்தார். இங்கிலாந்தின் யோசேப் சுவான் 1864இல் அதனைச் செம்மை செய்தார். அவர்கள் கண்ட பொருள் புதியதன்று. விளக்குக் கரியே அது! எழுத்தாணியாற் கீறிய ஓலைச்சுவடியில் எழுத்துத் தெரியும்படி கரி பூசிய தமிழரும், கரிமையால் எழுதிய சீனரும் அதன் ஆயுளை நன்கறிவர். கரியை ஒளியும் அழிப்பதில்லை, காற்றும் அழிப்பதில்லை.

யூலியா மார்கரட் கமரன் அம்மையாருக்கும் இவ்வுண்மை தெரிந்திருந்தது. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவால் இலங்கையர் அறிந்த கமரன் துரையின் மனைவியார் இவர். அந்நூற்றாண்டின் தலைசிறந்த நிழற்படக்கலைஞருள் ஒருவர். 1875இல் கணவருடன் இலங்கையிற் குடியேறப் புறப்படுமுன், தம் சிறந்த படங்கள் பலவற்றைக் கரிமுறையில் அச்சிடச் செய்தார். 1879இல் இம்மலைநாட்டிலே காலமான அவரது உடல் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டது.

கரிமுறை அருமையானது, ஆயினும் வேலை மிகுந்தது. ஆகவே அது மெல்ல வழக்கொழிந்தது. செவ்வையாகக் கழுவிய வெள்ளிப் படங்களே இருபதாம் நூற்றாண்டை ஆண்டன. பின்னர், மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் ‘இங்க்ஜெட்’ பொறி வந்தது. அதனோடு பழைய அச்சமும் திரும்பி வந்தது.

இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் புகழ்பெற்ற பாடகர் கிரஹாம் நாஷ், சிறுவயது முதல் நிழற்படமும் எடுத்துவந்தவர். அவருடைய படங்களின் நெகற்றிவ்களும் பிரதிகளும் பதிப்பகமொன்றுக்கு அனுப்பப்பட்டபோது பெரும்பாலானவை வழியிலே தொலைந்துபோயின. எஞ்சியவை சரிபார்ப்பதற்கென எடுத்த சிறு பிரதித்தாள்களே. அவற்றை டேவிட் கூன்ஸ் என்னும் பொறியியலாளர் கணினியிற் பதிந்து, பழுது நீக்கி, ‘ஐரிஸ்’ என்னும் பொறியில் நீர்வண்ண ஓவியத்தாளின்மீது பெரிதாக அச்சிட்டார். 1990 ஏப்ரலில் அவை நியூயோர்க் கலைக்கூடமொன்றில் வைக்கப்பட்டன. அவ்வாண்டே நாஷ் 126,000 டொலருக்கு அத்தகைய பொறியொன்றை வாங்கினார். 1991இல் கலிபோர்னியாவிலே கலை அச்சகமும் திறந்தார். தடித்த தாள் நுழையவேண்டுமென்பதற்காக, உத்தரவாதம் போனாலும் போகட்டுமென்று அவ்வளவு விலையுள்ள பொறியின் உறுப்பையே அறுத்தார்கள். துணிந்த உள்ளங்கள்!

ஆயின் ஐரிஸ் பொறி நெடுநாள் வாழும் படத்துக்காகப் படைக்கப்பட்டதன்று. நூலச்சிடுவோர் நிறங்களை முன்கூட்டிச் சரிபார்ப்பதற்கே அது தோன்றியது. அதன் மை விரைவில் வெளுப்பது. தொலைந்த படங்களை மீட்டளித்த மையே அவற்றை மீண்டும் தொலைத்துவிடக்கூடிய நிலை நேர்ந்தது.

காரணம் எளியது. அம்மை சாயம். சீனி நீரிற் கரைவதுபோலச் சாயம் முற்றாகக் கரைந்திருப்பதால், ஒளியும் ஓசோன் வாயுவும் அதனை எளிதிற் சிதைக்கும். நிறமியோ சந்தனக் குழம்பின் துகள்போல மிதப்பது. அத்துகளின் மேற்புறம் சிதைந்தாலும் உட்புறம் நிற்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இத்துன்பம் இருமடங்கு. பல நிறச் சாயங்களைக் கலந்தே சாம்பல் நிறம் ஆக்கப்பட்டது. ஒரு சாயம் முந்தி வெளுத்தால் முகம் பச்சையாகவோ செம்மையாகவோ மாறிவிடும். வண்ணப்படத்தில் இது கண்ணுக்குத் தப்பலாம்; இங்கே தப்பாது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோன் கோன், சாதாரண அச்சுப்பொறியிலிருந்த நிற மைகளை நீக்கி, கருமை முதல் வெளிர்சாம்பல் வரை படிப்படியாக அமைந்த மைகளை இடும் முறையை வெளியிட்டார். இவ்வகை மைகளுள் மிக உறுதியானவை காபன் நிறமியாலானவை. சுவான் கையாண்ட அதே கரி, நுண்துளை வழியே மீண்டும் காகிதத்துக்கு வந்துசேர்ந்தது.

கரி நிலைத்தாற் போதுமா? காகிதமும் நிலைக்கவேண்டும். தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள் நாளடைவிற் சோர்ந்து தாள் மஞ்சளிக்கும். ஆதலின் அஃது இல்லாத பருத்தித்தாளே விரும்பப்படுகிறது. நிறமி தாளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் விரல் பட்டாலும் உராய்வு விழும். அச்சிட்டவுடன் சட்டமிட்டால் மையிலுள்ள ஆவி கண்ணாடியிற் படியும்; சில நாள் உலரவிடல் வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடையிலே அமிலமற்ற அட்டைச் சாளரம் அமைப்பர். படத்தை முழுதும் ஒட்டுவதில்லை. மேலோரத்தில் மட்டும், மெல்லிய யப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவர். ஈரக்காற்றிலே தாள் விரியவும் சுருங்கவும் அது இடந்தரும். இலங்கைபோன்ற நாடுகளில் இதனை வற்புறுத்திச் சொல்லவேண்டியதில்லை. மழைக்காலத்தில் நனைந்த வெளிச்சுவரிற் படத்தை மாட்டுவது பூஞ்சணத்தை விருந்துக்கழைப்பதாகும்.

வெயில் படாச் சுவரில், புறவூதாக் கதிரை மறிக்கும் கண்ணாடியின் பின்னே அது தொங்கும். ஒளியைத் தாங்காத பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வழங்கும் ஒளியளவு 50 லக்ஸ் மட்டுமே. சில திங்களின் பின், காட்சி முடிந்ததும், படம் சட்டத்தினின்று கழற்றப்பட்டு இருண்ட பெட்டிக்குள் திரும்பவும் வைக்கப்படும்.